வாசிக்க மாட்டேன் என்ற பிள்ளை

ஒரு பிள்ளைக்கு வாசிக்கத் தெரியும் என்று சொல்கிற உரிமை யாருக்கு உண்டு? வாசிக்கிற பிள்ளைக்கா, படிப்பித்தவளுக்கா, பெற்றவளுக்கா? இதை அடுப்படியிலும் கிணற்றடியிலும் நின்று எத்தனையோ தடவை என்னிடமே கேட்டுவிட்டேன். ஒரு நாள் ஒரு பதில் வருகிறது. மறுநாள் காலையில் அது பிழை என்று படுகிறது.

நான் யாழ்ப்பாணத் தீவுப்பகுதியில் வேலணையைச் சேர்ந்தவள். உயர்தரம் வரை படித்தேன். கலியாணம் முடித்து ஒரு பெண் பிள்ளை பிறந்த பிறகு கணவர் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனார். நானும் பிள்ளையும் அண்ணன் வீட்டில் இருந்தோம். அண்ணி கெட்டவள் இல்லை. ஆனால் அந்த வீட்டில் அவர்களுக்கே இடம் போதாது. என் பிள்ளை இரண்டு தரம் இருமினால் நான் எழும்பி அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுவேன். யாரும் போகச் சொன்னதில்லை. சொல்லிவிடுவார்களோ என்ற பயம்தான். புங்குடுதீவில், இறுப்பிட்டியில், ஒரு வீட்டில் தங்கியிருந்து படிப்பிக்க ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வரலாமா என்று மட்டும் கேட்டேன். வரலாம் என்றார்கள். வேறொன்றையும் விசாரிக்காமல் பஸ் ஏறினேன். விசாரித்திருக்க வேண்டும்.

அந்த வீட்டுக்காரர் தெற்கே ஒரு சிங்கள ஊரில் கடை வைத்திருந்தவர்கள். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் கடை எரிய, கப்பலில் ஊருக்கு வந்தார்கள். கொஞ்ச மாதம் இருந்துவிட்டுத் தகப்பன், கடையில் மிஞ்சியதைப் பார்க்கவென்று தனியே திரும்பிப் போனார். வீட்டில் தாயும் பத்து வயது மகளும். தெற்கில் அவர்கள் இருந்த ஊரில் தமிழ்ப் பள்ளிக்கூடம் இல்லாததால் பிள்ளை சிங்களத்தில்தான் படித்திருந்தாள். தமிழ் பேசுவாள். ஆனால் ஒரு எழுத்து வாசிக்கத் தெரியாது.

உள்ளூர்ப் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியர் தாயைத் தனியாக அழைத்து ஒரு தவணை கொடுத்திருந்தார். தை என்று நாங்கள் சொல்கிற ஜனவரியில் பள்ளிக்கூடம் தொடங்கும்போது பிள்ளை அவர் முன்னால் வாசித்துக் காட்ட வேண்டும். வாசித்தால் வயதுக்கேற்ற ஐந்தாம் வகுப்பு. இல்லாவிட்டால் மூன்றாம் வகுப்பில், பால்பல் விழுந்து முடியாத பிள்ளைகளோடு.

இது பெரிய அவமானம் இல்லை என்றுதான் நான் நினைத்தேன். கப்பலில் வந்த பிள்ளைகள் எத்தனையோ பேர் அப்படி இருந்தார்கள். ஆனால் அந்த அம்மா ஊருக்குச் சொல்லி வைத்திருந்த கதை வேறு. மகள் கொழும்பில் பெரிய தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள், வகுப்பில் எப்போதும் முதலாம் பிள்ளை என்று உறவினர் வீடெல்லாம் சொல்லியிருந்தார். அதனால் ஐப்பசியில் நான் போன அன்றே வாசல் படலையைச் சாத்திவிட்டு என்னிடம் சொன்னார்:

“பிள்ளை, ஒண்டு சொல்லிப்போட்டன். நீர் இஞ்சை படிப்பிக்க வந்தனீர் எண்டு ஒரு குருவிக்கும் தெரியக்கூடாது. என்ரை தேப்பன்வழிச் சொந்தம். புருசன் வெளியிலை. எனக்குத் துணையா வந்து நிக்கிறீர். விளங்குதோ?”

“ஓம் அக்கா.”

“ஆரும் வந்தா குசினிக்குள்ளை போய் நில்லும். சும்மா நிண்டா சந்தேகப்படுவினம். ஏதும் வேலை செய்துகொண்டு நில்லும்.”

அந்த ஊரில் வராத ஆளில்லை. காலையில் ஒருத்தி, மத்தியானம் ஒருத்தி. நான் தேங்காய் துருவினேன், தேத்தண்ணி போட்டேன். வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் உவர் என்பதால் நல்ல தண்ணிக்குக் குடத்தோடு நடந்தேன். முதலில் ஆட்கள் வந்தால்தான் இந்த வேலை. கார்த்திகைக்குள் ஆட்கள் வராத நாட்களிலும் அது என் வேலையாகிவிட்டது. பனங்கிழங்கு காயவைத்த ஒடியல் மூட்டைகள் அடுக்கிய பின்அறையில்தான் பாடம், யன்னலைச் சாத்திக்கொண்டு. அந்தப் புழுக்கத்தில் கொப்பியில் வியர்வை சொட்டும். சத்தம் வெளியே போகக்கூடாது என்று ஆனா, ஆவன்னாவைக்கூட இரகசியம் போலச் சொல்லிக்கொடுத்தேன்.

அந்தப் பிள்ளைக்கு என்னைக் கண்ணில் காட்டக்கூடாது. என்னைச் ‘சின்னம்மா’ என்று கூப்பிடத் தாய் சொல்லியிருந்தார். அவள் என்னை ஒன்றுமே சொல்லிக் கூப்பிடவில்லை. ஒரு நாள் நான் எழுத்துக் காட்டிக்கொண்டிருக்க, மூட்டையில் சாய்ந்துகொண்டு சொன்னாள்:

“நீங்க ரீச்சர் இல்ல.”

“ஏன்?”

“ரீச்சர்மார் தேங்கா துருவ மாட்டாங்க. எங்க ரீச்சர் சப்பாத்து போட்டு வருவாங்க.”

நான் என் கால்களைப் பாவாடைக்குள் இழுத்துக்கொண்டேன். மறுநாள் என் செருப்பில் ஒன்று ஆட்டுக்கொட்டிலில் கிடந்தது. யார் எறிந்தது என்று கேட்டேன். “ஆடு” என்றாள்.

எனக்கும் அவளைப் பிடிக்கவில்லை. இதை எழுத யோசித்தேன், ஆனால் எழுதாமல் விட்டால் பின்னால் வருவது விளங்காது. அவள் நிமிர்ந்து பார்க்கிற பார்வை, பதில் சொல்லாமல் நகம் கடிப்பது, எல்லாமே எனக்கு எரிச்சலாக இருந்தன. அதே நேரம் தாய் அவளை நடத்திய விதமும் பிடிக்கவில்லை. வீட்டில் சிங்களச் சொல் ஒன்று வாயில் வந்தால் அகப்பைக் காம்பால் கையில் அடி விழும். அதனால் பிள்ளை வீட்டுக்குள் பேசுவதையே விட்டிருந்தாள். பேசியது என் மகளோடு மட்டும்.

என் மகளுக்கு அப்போது மூன்று வயது. அவளை ‘நங்கி’ என்பாள். சிங்களத்தில் தங்கை. இரண்டு பேரும் ஆட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் போய்விடுவார்கள். அங்கே என்ன பேசினார்கள் என்று எனக்கு எப்படித் தெரிய வந்ததென்றால், ஒரு நாள் ஊர்ச் சொந்தக்காரி ஒருத்தி வந்திருந்தபோது, வீட்டுக்கார அம்மா என் மகளுக்கு ஒரு வாழைப்பழத்தை நீட்டினார். சின்னது முகத்தைத் திருப்பிக்கொண்டு உரக்கச் சொன்னாள்: “எபா!”

வேண்டாம் என்று சிங்களத்தில்.

வந்தவள் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டாள். “உதென்ன பாசை?”

அம்மா ஒரு கணமும் தடுமாறவில்லை. “உதோ? இவவின்ரை மனுசன் முந்திச் சிங்களப் பக்கம் வேலை செய்தவர். தாயும் தேப்பனும் வீட்டிலை உதுதான் கதைக்கிறது. எங்கட பிள்ளைக்குப் பழக்கிப்போடுவா எண்டு எனக்குப் பயமாக்கிடக்கு.”

என் கணவர் சிங்களப் பக்கம் ஒரு நாளும் வேலை செய்ததில்லை. வந்தவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். “எண்டாலும் இந்தக் காலத்திலை கொஞ்சம் பாத்துக் கதைக்கவேணும் பிள்ளை” என்றாள். நான் தேங்காயைத் துருவிக்கொண்டே இருந்தேன். சிரட்டை தேய்ந்து கறுப்புத் துருவல் விழும்வரை துருவினேன். பிறகு அதற்கும் பேச்சு வாங்கினேன்.

மார்கழி வந்தது. பிள்ளை பாடத்தில் எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தடவித் தடவிச் சொன்னாள். இரண்டு எழுத்துச் சொல் என்றால் சேர்ப்பாள். மூன்றாவது எழுத்து வந்தால் நிறுத்திவிட்டுக் கூரை மோட்டைப் பார்ப்பாள். தையில் இவள் வாசிக்காவிட்டால் தாய் என்னை விடமாட்டார். அண்ணன் வீட்டுக்குத் திரும்பிப் போய் என்ன சொல்வது?

ஒரு மத்தியானம், மழை விட்ட நேரம், மகளைச் சாப்பிடக் கூப்பிடக் கொட்டில் பக்கம் போனேன். கொட்டிலுக்குள்ளே பெரியவளின் குரல் ஓதுவது போல ஓடிக்கொண்டிருந்தது. கடையில் சீனி சுற்றித் தந்த பேப்பர்ச் சரையை விரித்து முழங்காலில் வைத்திருந்தாள். ஒரு மரண அறிவித்தல்.

“அன்னார் கறுத்த ஆட்டின் அன்பு மகனும், சேவலின் பாசமிகு மருமகனும், வெள்ளைக் கோழியின் ஆருயிர்க் கணவரும் ஆவார்...”

என் மகள் கைதட்டிக்கொண்டு மேலே கேட்டாள். “பேந்து?”

“அன்னாரின் இறுதிக்கிரியைகள் அவரது இல்லத்தில் நடைபெற்று, தகனக்கிரியைக்காகப் பூதவுடல் எடுத்துச் செல்லப்படும். இத்தகவலை உற்றார் உறவினர் நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்.”

“பேந்து?”

“பேந்து என்ன, ஆடு அழுவுது.”

நான் உள்ளே போய் அந்தக் கடதாசியைப் பறித்துப் பார்த்தேன். ஆடும் கோழியும் தவிர மற்றதெல்லாம் அச்சில் அப்படியே இருந்தது. வரியில் இருந்த பெயர்களைத் தாண்டி, அந்த இடத்தில் ஆட்டைப் போட்டு, விட்ட சொல்லில் திரும்பப் பிடித்து, ஒரு தடக்கலும் இல்லாமல் வாசித்திருக்கிறாள். தடவித் தடவி வாசிக்கிற பிள்ளையால் அது ஏலாது. நானே அப்படி வாசிப்பேனா என்பது சந்தேகம்.

“உனக்கு எப்ப தொடக்கம் தெரியும்?”

அவள் முகம் வெளிறிவிட்டது. பிறகு கோபம் வந்தது.

“நீங்க எழுத்து காட்டின பிறகு சரைப் பேப்பர்ல நானே பழகிட்டேன். அம்மாட்ட சொல்லாதீங்க.”

“ஏன் தெரியாத மாதிரி நடிக்கிறாய்?”

“பள்ளிக்கூடத்தில என்னை எடுக்காட்டி அப்பா வந்து கூட்டிட்டுப் போவேன்னு சொன்னாரு. போறப்ப சொன்னாரு. நான் வாசிக்க மாட்டன். ஒருக்காலும் வாசிக்க மாட்டன்.”

அழுகிற பிள்ளையைச் சமாதானப்படுத்தத் தகப்பன் படலையில் நின்று ஏதோ சொல்லியிருப்பார். அதைப் பிடித்துக்கொண்டு இந்தப் பிள்ளை மாதக்கணக்காக வாய்க்குள் தமிழை வைத்திருந்தது. மூன்றாம் வகுப்பில் எடுப்பார்கள் என்று நான் சொன்னேன். “அது எடுக்கிறதில்ல” என்றாள்.

அன்று பின்னேரம் முழுக்க யோசித்தேன். சொல்லாமல் விட்டால், அவள் நினைத்தபடி நடந்து, கடை எரிந்த அந்த ஊருக்கே அவளைக் கூட்டிப் போய்விட்டால்? அங்கே மறுபடி ஏதும் நடந்தால்? அந்தப் பாவம் யாருக்கு? சொன்னால், அகப்பைக் காம்பு. என் பிள்ளையை வைத்து நினைத்துப் பார்த்தேன். என் மகள் ஒன்றை மறைத்தால் எனக்குத் தெரிய வேண்டும் என்றுதானே நினைப்பேன்? அந்த நினைப்போடுதான் போய்ச் சொன்னேன். என் பெயரைக் காப்பாற்றவும் சொன்னேனோ என்று இப்போது கேட்டால் இல்லை என்று அடித்துச் சொல்ல முடியவில்லை.

அம்மா விறாந்தையில் கதிரையில் இருந்து பனங்கிழங்கு கிழித்துக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடித்ததும் சிரித்தார்.

“நல்ல கதை. தை வருகுதெல்லே, அதுக்கு இப்பவே வேலி கட்டுறீராக்கும்.”

“இல்லை அக்கா, நான் என்ரை காதாலை கேட்டனான்.”

“எடி, இஞ்சை வா!” மகளைக் கூப்பிட்டுச் சரைக் கடதாசியை முகத்துக்கு நேரே நீட்டினார். “வாசி.”

பிள்ளை கடதாசியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு விரலை வைத்து மெதுவாகத் தொடங்கினாள்: “ம... ர... மர... மர...” மோட்டைப் பார்த்தாள். “தெரியாது அம்மா.” கண்ணில் நீர்கூட வந்தது.

“பார்த்தீரோ?” என்றார் அம்மா. “மூண்டு வேளை எங்கட சோறு. உம்மட பிள்ளைக்கும் சேத்து. படிப்பிக்க ஏலாட்டி ஏலாது எண்டு சொல்லிப்போட்டுப் போகலாமே. குழந்தைப்பிள்ளையிலை ஏன் பழி போடுறீர்?”

அன்றிலிருந்து அந்த வீட்டில் எனக்கு ஒரு திசையிலும் ஆதரவில்லை. பிள்ளை என் மகளையும் விட்டுவிட்டாள். சின்னது ‘அக்கா, அக்கா’ என்று பின்னால் ஓடினால், கொட்டில் படலையைச் சாத்திக்கொள்வாள். அதுதான் எனக்கு எல்லாவற்றையும் விட உறைத்தது. மூன்று வயதுக்கு ஏன் என்று எப்படிச் சொல்வது?

தை பிறந்தது. பள்ளிக்கூடத்துக்கு நாங்கள் நாலு பேரும் போனோம். நான் வழக்கம்போல உறவுக்காரியாக, குடையைப் பிடித்துக்கொண்டு. தலைமை ஆசிரியரின் மேசை வாசலோரமாகப் போட்டிருந்தது. பிள்ளைகளைச் சேர்க்க வந்த தாய்மார் வெளியே வரிசையாக நின்றார்கள். எல்லோருக்கும் எல்லாம் கேட்கும்.

அவர் முதலில் ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தை நீட்டினார். பிள்ளை வாயைத் திறக்கவில்லை. நாலு. திறக்கவில்லை. கடைசியில் பாலர் புத்தகத்தை எடுத்து, படத்தைக் காட்டி, “இது என்ன மகள்?” என்றார். அணில். அவள் அணிலையும் சொல்லவில்லை.

வெளியே ஒருத்தி, மெதுவாகச் சொல்வது போல உரக்கச் சொன்னாள்: “கொழும்பிலை வாயை மூடிக்கொண்டோ படிக்கிறவை?” சிரிப்பு ஒன்று வரிசை முழுக்க ஓடியது.

அம்மாவின் முகம் கறுத்தது. திரும்பி என்னைக் கையால் காட்டினார். “இவதான் ரீச்சர்! ஐப்பசி தொடக்கம் வீட்டிலை வைச்சிருக்கிறன். இவவைக் கேளுங்கோ சேர், என்னத்தைப் படிப்பிச்சவ எண்டு!”

அந்த ஊரில் நான் ரீச்சர் என்று வெளியே சொல்லப்பட்டது அந்த ஒரு தடவைதான். எல்லாக் கண்ணும் என் மேல். தலைமை ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைக் கேட்டார்: “சொல்லும் பிள்ளை. இவவுக்கு வாசிக்கத் தெரியுமோ, தெரியாதோ?”

பிள்ளை என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கெஞ்சல் இருந்தது என்று நான் பல நாள் நினைத்துக்கொண்டேன். இல்லை. சொன்னால் உன்னை விடமாட்டேன் என்ற பார்வைதான்.

“தெரியும் சேர்” என்றேன். “நல்லாத் தெரியும். ஆனா வாசிக்க மாட்டா.”

அவர் சிரித்துவிட்டார். “எல்லாத் தாய்மாரும் எனக்கு இதைத்தான் சொல்லுறவை.” பேனையை எடுத்து மூன்றாம் வகுப்பு என்று எழுதினார்.

வீட்டுக்குத் திரும்பினோம். படலையடியில் பிள்ளை என் பக்கம் வந்து, முதன்முதலாக என்னைக் கூப்பிட்டாள். “ரீச்சர். நீங்க ரெண்டு தரம் சொன்னீங்க.” சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

தகப்பன் பொங்கலுக்கு வருவதாக இருந்தது. அவர் வரும்வரை என்னை நிற்கச் சொன்னார் அம்மா. படிப்பிக்க அல்ல, அவர் முன்னால் வைத்து நாலு கேள்வி கேட்க. அவர் வந்த அன்று பிள்ளை தன் உடுப்பெல்லாம் ஒரு பையில் அடுக்கி விறாந்தையில் வைத்துவிட்டு, பக்கத்தில் குந்தியிருந்தாள். அவர் படலையைத் திறந்து வந்தார். பையைப் பார்த்தார். என்ன என்று கேட்கவில்லை. தாண்டி உள்ளே வந்து, கை கால் கழுவி, தேத்தண்ணி குடித்தார். எல்லாவற்றையும் மனைவி சொல்லக் கேட்டுவிட்டு, “மூண்டாம் வகுப்பெண்டாலும் பறவாயில்லை. அடுத்த வருசம் ஏத்திவிடலாம்” என்றார்.

“அப்பா, நீங்க சொன்னீங்களே” என்றாள் பிள்ளை.

“என்ன சொன்னனான்?”

உண்மையாகவே அவருக்கு ஞாபகம் இல்லை. முகத்தைப் பார்க்கத் தெரிந்தது. நான் ஞாபகப்படுத்தியிருப்பேன், ஆனால் அம்மா குறுக்கே வந்து, “உம்மட மூட்டையையும் கட்டும், பின்னேர பஸ் இருக்கு” என்றார். இரண்டு பைகளும் விறாந்தையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்றை மட்டும் தூக்கிக்கொண்டு என் மகளோடு நான் வெளியேறினேன்.

இதெல்லாம் முடிந்து ஒரு வருசமாகப் போகிறது. நான் அண்ணன் வீட்டில்தான் இருக்கிறேன். போன கிழமை இறுப்பிட்டியிலிருந்து ஒருத்தி வந்தாள், அந்த அம்மா சொல்லிவிட்ட செய்தியோடு. தலைமை ஆசிரியர் வருகிற தையில் பிள்ளையை மறுபடி வாசிக்க வைத்துப் பார்ப்பாராம். வாசித்தால் அவள் வயதுப் பிள்ளைகளோடு விடுவாராம். என்னைத் திரும்பவும் வந்து நிற்கட்டாம். இந்தமுறை முன் அறையில், யன்னல் திறந்து, ரீச்சராக.

“பிள்ளை எப்பிடி இருக்கிறா?” என்று கேட்டேன்.

“அதுவோ? மூண்டாம் வகுப்பிலையும் எழுத்துக் கூட்டிக்கொண்டுதான் இருக்குது. மொக்குப் பிள்ளையாம். வாத்திமார் கைவிட்டிட்டினம்.”

அப்படியென்றால் அவள் இன்னும் விடவில்லை. அல்லது விட்டுவிட்டாள், மொக்கு என்று எல்லோரும் சொல்லச் சொல்லத் தானே நம்பத் தொடங்கிவிட்டாள். எது உண்மை என்று அந்த ஊரில் சந்தேகப்படக்கூட என்னைத் தவிர ஆளில்லை. கணவருக்கு எழுதினேன். ‘உம்மட விருப்பம்’ என்று பதில் போட்டிருக்கிறார். அண்ணி போகச் சொல்கிறாள். அவள் ஏன் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

போனால், தெரிந்த ஒன்றைப் படிப்பிக்க நான் அங்கே என்ன செய்வது? என்னை அவள் மன்னிக்கப் போவதில்லை. என் மகளை மறுபடியும் அந்தக் கொட்டில் படலைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தவும் மனமில்லை. போகாவிட்டால் வேறொருத்தி வருவாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. அகப்பைக் காம்பு திரும்ப வெளியே வரும். பிள்ளை இன்னும் ஒரு வருசம் சின்னப் பிள்ளைகளுக்கு நடுவில் முழங்காலை மடித்துக்கொண்டு இருப்பாள்.

இதை வாசிக்கிற தாய்மாரிடமும் ஆசிரியைமாரிடமும் கேட்கிறேன். நான் போகவா, விடவா? போனால் முதல் நாள் அந்தப் பிள்ளையிடம் என்ன சொல்லித் தொடங்குவது? அல்லது தாயைத் தாண்டி, தகப்பன் மறந்துபோன அந்த ஒரு வசனத்தை அவருக்கே எழுதி அனுப்புவதா? அப்படி எழுதினால் அது மூன்றாவது தரம் சொன்னதாகிவிடாதா? உங்கள் வீட்டில் இப்படி வாயை மூடிக்கொண்ட பிள்ளை இருந்திருந்தால், அது எப்படித் திறந்தது என்று எனக்கு எழுதுங்கள். தை பிறக்க முன் நான் அவர்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.